லியுப்லியானாவுக்குப் போன மரக்கறி வான்

கார்கள் நுழையக் கூடாத ஒரு தலைநகரத்தைப் புகழ்ந்து பன்னிரண்டு பக்கங்கள் எழுதிய ஒருத்தி, அதே தலைநகரத்தின் நடுத்தெருவில் ஒரு மரக்கறி வானோடு போய் அகப்பட்டுக்கொண்டால், அவள் எழுதிய பன்னிரண்டு பக்கங்களும் பொய்யாகிவிடுமா? மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசிக் காலையில், இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. கேள்விதான் நின்றது. நான் படுத்திருந்தேன்.

நகரத் திட்டமிடலில் முதுகலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். எதைச் செய்தாலும் அதன் விளைவு என்ன, விளைவின் விளைவு என்ன என்று எடைபோட்டுப் பார்க்கிற வயது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு தக்காளி வாங்குவதற்கு முன், அது எந்த நாட்டிலிருந்து வந்தது, அதை யார் பறித்தார்கள், அவர்களுக்கு மதிய ஓய்வு உண்டா என்றெல்லாம் யோசித்து, கடைசியில் தக்காளி இல்லாமலே திரான்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்புவேன். (அம்மா அன்றைக்குக் கொஞ்சம் கூடப் புளி விட்டுச் சமாளிப்பார்.)

அந்த நாட்களில்தான் சுலோவீனியாவின் தலைநகரமான லியுப்லியானாவில் உள்ள ஓர் ஆய்வு நிலையம் ஆறு மாதப் புலமைப்பரிசில் ஒன்றை அறிவித்தது. நான் பார்க்காமலே காதலித்த நகரம் அது. நடுவில் ஓர் ஆறு, ஆற்றின் மேல் நெருக்கமாகப் பாலங்கள், கடைத்தெருவின் முதுகிலேயே காடு மூடிய ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு கோட்டை. எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் நகரம் முடிந்து மரங்கள் தொடங்கிவிடும். பழைய நகரத்துக்குள் கார்களுக்கு இடமில்லை. என் பன்னிரண்டு பக்கக் கட்டுரையை வாசித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி, எப்படி எங்களிடம் வந்து சேர்வீர்கள் என்பது. ஒரு வரியில் முடித்திருக்கலாம். நானோ ஒரு பந்தி எழுதினேன்: "ரயிலில் வருவேன். நிலையத்திலிருந்து நடந்தே உங்கள் வாசலை அடைவேன். என் வருகையே என் வாதத்தின் முதற்பக்கமாக அமையும்." எழுதியபோது என் கண்கள் கலங்கின. இப்போது நினைத்தால் காதுகள் சூடாகின்றன.

வீட்டில் இன்னொரு நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதன் தேர்வாளர் அம்மா.

"ஆறு மாசம் தனியவோ? அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே. விழுந்து கிடந்தா ஆர் பிள்ளை தூக்குறது?"

"அம்மா, எனக்கு இருபத்தைஞ்சு வயசு. நான் ஏன் விழப்போறன்?"

"விழுறவை எல்லாரும் சொல்லிப்போட்டே விழுகினம்?"

அப்பா லா சப்பல் பக்கம் பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். அதனால் அவருக்கு முழங்கால் போய்விட்டது. சண்டை பிடிக்கிற ஆசையும் கூடவே போய்விட்டது. சமாதானமாகச் சொன்னார்:

"ஊரைப் பாக்காமல் விடலாம், விடேலாது எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"அப்ப பாப்பம்" என்றார் அம்மா. இணையத்தில் படங்களைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு முதல்நாள் காலையில் என் ரயில் ரத்தாயிற்று. ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதைப் பற்றி ஒரு சொல் முறைப்பாடு சொல்லவும் எனக்கு வாயில்லை. ஏனென்றால் அந்த வேலைநிறுத்தத்தை ஆதரித்து நானே கையெழுத்திட்டிருந்தேன்; பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் வாங்கிக் கொடுத்திருந்தேன். எல்லா விளைவுகளையும் எடைபோட்ட நான், என் ரயிலும் ஒரு ரயில்தான் என்பதை மட்டும் தராசில் வைக்க மறந்துவிட்டேன்.

"கிறேவ் நல்ல கிறேவ்தான்" என்றார் அப்பா, வேலைநிறுத்தத்தைப் பிரெஞ்சில் சொல்லி, தொலைபேசியை எடுத்துக்கொண்டே. "குகனிட்டை வான் நிக்குது."

குகன் அண்ணை லா சப்பல் கடைகளுக்கு மரக்கறியும் அரிசியும் இறக்குபவர். அவருடைய வானின் இரு பக்கங்களிலும் ஆள் உயரத்துக்கு முருங்கைக்காய்கள் வரையப்பட்டிருக்கும். முருங்கைக்காய்களுக்கு நடுவே, தெருவின் அந்தக் கரையிலிருந்தும் வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்துகளில், 'அரிசி, மரக்கறி, கருவாடு' என்று எழுதியிருக்கும். மணம் எழுத்துகளை முந்தி வரும். முன்னால் இரண்டு இருக்கைகள், அதற்குப் பின்னால் மூன்று, அதற்கும் பின்னால் சாமான். வெறும் வான் ஓட்டினால் தனக்கு நித்திரை வரும் என்று சொல்லி, மியூனிக்கில் ஒரு கடைக்குக் கொடுப்பதற்காக அரிசி மூட்டைகளையும் கருவாட்டுப் பெட்டிகளையும் எலுமிச்சம்பழங்களையும் ஏற்றி வந்தார். மியூனிக் கடைக்காரர் பாதியைத்தான் எடுத்தார். மீதிப் பாதி எங்களோடு அல்ப்ஸ் மலையைக் கடந்தது.

அம்மா வந்தது ஊரைப் பார்க்க. அப்பா வந்தது அம்மாவைப் பார்த்துக்கொள்ள. அம்மாவின் மடியில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் டப்பா இருந்தது.

"அதுக்குள்ளை என்ன?"

"பயத்தம் பணியாரம். கேள்வி கேக்கிற ஆக்களுக்கு."

"அம்மா, அது லஞ்சம் எண்டு நினைப்பினம்."

"வெறுங்கையோடை ஒரு வாசல்லை போய் நிக்கிறதே? லஞ்சமெண்டா நான் எள்ளுருண்டையும் எல்லோ செய்திருப்பன்."

மியூனிக்கில் சின்னம்மா வீட்டில் தங்கி, விடிகாலையில் புறப்பட்டோம். வழி நெடுகிலும் ஒரு சமரசத் திட்டத்தை வகுத்துக்கொண்டு வந்தேன். நகருக்கு வெளியே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் என்னை இறக்கிவிட வேண்டும். மீதித் தூரத்தை நான் நடப்பேன். அப்படிச் செய்தால் என் பந்தியின் இரண்டாம் வாக்கியம் பாதியாவது உண்மையாகும். குகன் அண்ணையிடம் இதை மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் அவர் "ஓம் ஓம்" என்றார். லா சப்பலில் 'ஓம் ஓம்' என்று இரண்டு தடவை சொன்னால் அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து மணிக்குச் சற்று முன் நகரை அடைந்தோம். தரிப்பிடம் இடப்பக்கம் வந்தது, போயிற்று.

"அண்ணை, தரிப்பிடம்."

"உந்தச் சப்பாத்தோடை எங்கை நடக்கப்போறியள்? முன்னாலை பாண் லொறி போகுது, பாருங்கோ. அதுக்குப் பின்னாலை போவம்."

இருபது வருடம் பாரிஸில் சாமான் இறக்கிய மனிதரின் அனுபவஞானம் இது. ஒரு தெருவுக்குள் நுழைய முடியுமா என்று ஐயம் வந்தால், முன்னால் போகிற லொறியின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். லொறிக்கு உரிமை உண்டென்றால், அதன் நிழலுக்கும் உண்டு. பாண் லொறி ஒரு கல் பாவிய தெருவின் வாயிலில் நின்றது. அங்கே நிலத்தில் நட்டிருந்த இரும்புத் தூண்கள் மெல்ல அமிழ்ந்தன. லொறி போயிற்று. நாங்களும் போனோம். பின்னால் தூண்கள் எழும்பின.

"பாத்தியளே?" என்றார் குகன் அண்ணை.

பார்த்தேன். பாலத்தைப் பார்த்தேன், ஆற்றின் மேல் சரிந்து நின்ற மரங்களைப் பார்த்தேன், நடந்து போகிற நூறு மனிதர்களைப் பார்த்தேன். அவர்களும் எங்களைப் பார்த்தார்கள். பாண் லொறி தன்னிடமிருந்த அட்டையைக் காட்டி மறுமுனையால் வெளியேறியது. அங்கேயும் தூண்கள் எழும்பின. எங்கோ ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் பத்து அடித்தது. சாமான் இறக்கும் நேரம் முடிந்துவிட்டது. என் கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் 'மனிதகுலத்துக்குக் கிடைத்த முற்றம்' என்று நான் வருணித்திருந்த தெருவின் நட்டநடுவில், முருங்கைக்காய் வானுக்குள் நாங்கள் நால்வரும் அடைபட்டிருந்தோம்.

மிதிவண்டியில் ஒரு நகராட்சிக் காவலர் வந்தார். மிகவும் மரியாதையானவர், அதனால்தான் தாங்க முடியவில்லை. இந்த வாகனம் இங்கே எதற்காக வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குகன் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"லிவ்றேசோன் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. சாமான் இறக்க வந்தது எண்டு."

"என்ன சாமான் அண்ணை?"

"உங்களைத்தான்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. உண்மையைச் சொன்னேன். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூண்களை இறக்க அனுமதி பெற வேண்டும் என்றும், பிற்பகல் ஒரு மணிவரை வான் அசையக் கூடாது என்றும், மனிதர்கள் தாராளமாக அசையலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நேர்முகம் பதினொரு மணிக்கு. ஆய்வு நிலையம் ஐந்து நிமிட நடை. அப்போதே இறங்கி நடந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திராது. ஆனால் கதவில் கை வைத்தபோது கண்ணாடி வழியாக ஒரு பெண்மணியைக் கண்டேன். குட்டையாக வெட்டிய நரைமுடி, சிவப்புச் சட்டகம் போட்ட மூக்குக்கண்ணாடி. காணொளி அழைப்பில் பார்த்த முகம். தேர்வுக்குழுவின் தலைவியான பேராசிரியை, கையில் கோப்பியோடு, எங்கள் வானை நோக்கியே நடந்து வந்துகொண்டிருந்தார்.

ஒரு பட்டதாரி இப்படிப்பட்ட கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிப்பதில்லை. நான் இருக்கையைத் தாண்டிக் குதித்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்தேன். கருவாட்டுப் பெட்டி ஒன்று தலையணையாக வாய்த்தது. (கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, இரண்டையும் இஸ்திரி போட்டுத் தந்தவர் அப்பா.)

"பிள்ளை எங்கை?" என்று அம்மா கேட்பது கேட்டது.

"நித்திரைபோல" என்றார் அப்பா. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

வெளியே காலடிகள் நெருங்கின, நின்றன. பேராசிரியை முருங்கைக்காய்களை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றால் அம்மாவால் சும்மா இருக்க முடியாது. அது வீட்டு வாசலா வான் வாசலா என்ற பேதமும் அவருக்குக் கிடையாது. பக்கக் கதவு சறுக்கித் திறந்தது. டப்பாவின் மூடி கழன்றது.

"பொன்ஜூர் மதாம். பிறனே, பிறனே." எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை, அலுவலகங்களைத் துப்புரவு செய்து கற்றுக்கொண்ட பிரெஞ்சில் அம்மா சொன்னார்.

பேராசிரியை தன் இளமையில் பிரான்சின் லியோனில் படித்தவர் என்பது எனக்குத் தெரியும்; அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மனப்பாடம் செய்திருந்தேன். நல்ல பிரெஞ்சில், இது என்ன இனிப்பு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பாரிஸிலிருந்து, என்றார் அம்மா. எதற்காக? மகளுக்குப் பதினொரு மணிக்கு நேர்முகம். மகள் எங்கே?

அம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. நான் தலையை மெதுவாக இருபுறமும் அசைத்தேன். அதை அவர், எழும்ப முடியவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

"வொலா மதாம், மா ஃபிய்", இதோ என் மகள், என்று மூட்டைகளுக்கு மேலாகக் கையை நீட்டி என்னைக் காட்டினார், பெருமையோடு.

சிவப்புச் சட்டகம் மூட்டைகளுக்கு மேலே எழுந்தது. "பதினொரு மணிக்கு வர வேண்டியவர் நீங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

"ஆம்" என்றேன், தரையிலிருந்து.

"இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அவசரமில்லை" என்று சொல்லி, இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு மணிக்கு மூன்று பேருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து கருவாட்டு வாசம் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்தவர் சன்னலைத் திறந்ததை வைத்து ஊகித்துக்கொண்டேன். பேராசிரியையின் முதற்கேள்வி: "விண்ணப்பத்தில் எழுதியபடி ரயிலில்தானே வந்தீர்கள்?" அவருடைய நாடியில் பயத்தம் மா சிறிது ஒட்டியிருந்தது.

தயாரித்து வைத்திருந்த பேச்சு அப்போதே இறந்துபோயிற்று. வேலைநிறுத்தத்தைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், பாண் லொறியைச் சொன்னேன், லொறியின் நிழலுக்கும் உரிமை உண்டு என்ற குகன் அண்ணையின் கோட்பாட்டையும், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்ததையும் சொன்னேன். சன்னலைத் திறந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாமவர், இளைஞர், சிரிக்காமல் கேட்டார்:

"எல்லாம் சரி. ஏன் ஒளிந்தீர்கள்?"

"வானை எண்ணி வெட்கப்பட்டேன். வானில் வந்தவர்களை எண்ணி அல்ல. ஆனால் தரையில் படுத்த பிறகு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன."

அப்போது, திறந்த சன்னலின் கீழே, தமிழ் கேட்டது.

முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் பழைய நகரத்துக்குள் இலவசமாக ஏற்றிச் செல்லும் சிறிய மின்வண்டிகள் அங்கே உண்டு. ஆமை வேகம்; நடப்பவர்களே முந்திப் போவார்கள். அப்படியொரு வண்டி கீழே ஊர்ந்து வந்தது. அதில் அப்பா முழங்காலை நீட்டி, சிம்மாசனத்தில் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, மடியில் டப்பா. குகன் அண்ணை வண்டிக்குப் பக்கமாக நடந்து வந்து சாரதிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். (அவருக்கு அந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது.)

தேர்வுக்குழு முழுவதும் சன்னலுக்கு வந்துவிட்டது.

"என் பன்னிரண்டு பக்கத்தில் முழங்கால் வலிக்கிறவர் ஒருவர்கூட இல்லை" என்றேன். "எல்லாரும் என் வயதுக்காரர்கள், எல்லாருக்கும் நல்ல சப்பாத்து. நான் எழுதியது பொய்யா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்."

"பொய்யில்லை" என்றார் பேராசிரியை, கீழே பார்த்தபடியே. "தெருக்கள் எல்லாம் சரி. ஆட்களைத்தான் இன்னும் இறக்கவில்லை."

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். என் அப்பா ஏன் நடப்பதில்லை, லா சப்பலில் ஒரு மரக்கறி வான் எத்தனை குடும்பங்களுக்குச் சமையல், அந்த வானை வெளியே நிறுத்திவிட்டால் கத்தரிக்காய் எப்படி உள்ளே வரும். எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாத விடயங்களையெல்லாம் பேசினேன். பத்து நிமிடம் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் என் இன்னொரு தேர்வாளர் காத்திருந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"பிள்ளை, நான் ஊரைச் சோதிச்சுப் பாத்திட்டன்."

"என்னெண்டு?"

"குகனிட்டை எலுமிச்சம்பழம் வாங்கி, மூண்டு இடத்திலை றோட்டிலை கொட்டினன்."

"விழுந்ததெண்டு சொல்லுங்கோ" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"விழேல்லை, கொட்டினன். பாலத்தடியிலை ஒருக்கா, சந்தையிலை ஒருக்கா, மாதா கோயில் வாசல்லை ஒருக்கா. மூண்டு தரமும் ஓடிவந்து பொறுக்கித் தந்தவை. கோயில் வாசல்லை ஒரு பெடியன், ஆத்துப் பக்கம் உருண்டதையும் கலைச்சுப் பிடிச்சவன்."

"எண்ணிப் பாத்தன், ஒண்டும் குறையேல்லை" என்றார் குகன் அண்ணை. இதில் அவருக்குத்தான் அதிக வியப்பு.

"அதோடை ஒரு பெட்டை, றோட்டைப் பாக்காமல் புத்தகம் வாசிச்சுக்கொண்டு நடுவாலை நடந்து போகுது. ஒண்டும் வந்து இடிக்கேல்லை." அம்மா பையை மூடினார். "விடலாம்."

கதவு திறந்தது. பேராசிரியை கையை நீட்டினார். அவருடைய தீர்ப்பும் அதுவேதான். கொஞ்சம் நீளமான சொற்களில்.

ஒரு மணிக்குக் காவலர் அனுமதியோடு வந்தார். தெரு நிறைய ஆட்கள் இருப்பதால், வான் நடைவேகத்தில்தான் போக வேண்டும், ஒருவர் அதற்கு முன்னால் நடந்து வழி விலக்க வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்தேன். எனக்குப் பின்னால் முருங்கைக்காய்கள் ஆடி அசைந்து வந்தன. கோப்பிக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். திறந்த கதவில் அம்மா உட்கார்ந்து இரு பக்கமும் பணியாரம் கொடுத்துக்கொண்டு வந்தார். அப்பா ஏறமாட்டேன் என்று சொல்லி, ஒரு கையால் வானின் பக்கத்தைப் பிடித்தபடி அந்தத் தெரு முழுவதையும் நடந்தார். லா சப்பலில் தேர் இழுக்கிற நாளில்கூட அவர் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் பார்ப்பார். தெருமுனையில் தூண்கள் அமிழ்ந்தபோது யாரோ கைதட்டினார்கள். அது தூணுக்கா எங்களுக்கா என்று நான் ஆராயவில்லை. குனிந்து வணங்கினேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விருந்தில் நான் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால், "மூட்டைக்குப் பின்னாலை பாருங்கோ" என்று யாராவது சொல்வார்கள். குகன் அண்ணை லா சப்பல் முழுவதும் சொல்லித் திரிவது வேறு கதை: தான் சுலோவீனியாவுக்கும் சாமான் இறக்குவதாக.

அந்தப் புலமைப்பரிசிலில் நான் ஆறு மாதம் லியுப்லியானாவில் வாழ்ந்தேன். அந்த ஆறு மாதத்தில் அம்மா என்னைப் பார்க்க இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ரயிலில், தனியாக.